வேந்தர் வைத்த பந்தயம்

பளிங்குத் தரையும் ஏசியுமாக மினுங்கிய ஒரு தனியார் பல்கலைக்கழகம். அங்கே விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல். நிறுவனரும் முதலாளியுமான வேந்தர் தனகோபால் நடுவில் வீற்றிருந்தார். அவர் சிரித்தால் சிரிப்பதற்குப் பக்கத்தில் பதிவாளர் அருளப்பன்.

கடைசியாகச் சுகந்தி வந்தாள். இந்த வேலையும் போனால் அவளுக்கு ஜவுளிக்கடைதான் கதி.

"கவர்மென்ட் காலேஜா?" என்றார் வேந்தர். "ஃபேன் சுத்தாது, வாத்தியார் வரமாட்டார். அங்க படிச்ச நீ எங்க பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லித்தருவே? கவர்மென்ட் காலேஜ்தான் உசத்தின்னு என் வாயால சொல்லவை. இப்பவே ஆர்டர் தர்றேன்!"

அருளப்பன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது என்னால ஆகுமா சார்?" என்று எழுந்தாள் சுகந்தி. "உங்க பொண்ணுக்கு டாக்டர் சீட் கிடைச்சதுக்கு வாழ்த்துச் சொல்லிட்டுக் கிளம்புறேன். வாசல்ல ஃப்ளெக்ஸ் பார்த்தேன்."

வேந்தரின் முகம் மலர்ந்தது. "சும்மாவாம்மா! அரசு மருத்துவக் கல்லூரி! ஊரே அடிச்சுக்கிற இடம்."

"இங்கயும் மெடிக்கல் காலேஜ் இருக்கே சார்?"

"இங்க பணம் கட்டினா எவனுக்கும் கிடைக்கும். அங்க மூளை இருந்தாத்தான்…"

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. 'அரசு மருத்துவக் கல்லூரியில் இடம்' என்று கொட்டை எழுத்தில் அந்த ஃப்ளெக்ஸை ஆசையாகக் கட்டவைத்த அருளப்பன், மேசையிலிருந்த கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

சொன்ன சொல் சொன்னதுதான். வேந்தர் ஆர்டரில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"இங்க பேசினது வெளியே போகக் கூடாதும்மா," என்றார் ஈனக்குரலில்.

"நான் சொல்லமாட்டேன் சார்," என்றாள் சுகந்தி. "ஆனா, வெளியேதான் அது உங்க போட்டோவோட தொங்குதே!"