மேல்காட்டு மண்

மலைச்சரிவின் உச்சியில் குருநாதனுக்கு உருளைக்கிழங்குக் காடு இருந்தது. தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும் என்று, குறுக்கே கிடந்த கல்வரப்புகளைப் பிடுங்கிக் குவித்துவிட்டு, மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டார். ஐப்பசி மழையில் மண்ணெல்லாம் வழிந்துபோய், கீழே வெள்ளைத்தாயியின் துண்டு நிலத்துக் கல்வரப்பில் தேங்கி நின்றது.

கார்த்திகையில் அவர் ஊரைக் கூட்டினார். "என் மண்ணு ஒரு கூடை குறையாம மேல வரணும். அவளே சுமக்கட்டும்."

"அது உங்க மண்ணுன்னு எப்படித் தெரியும், முதலாளி?" என்று கேட்டாள் வெள்ளைத்தாயி.

"நான் வெதச்ச கெழங்கு அதுல மொளச்சு நிக்குதே. மேல இருந்து வந்தது அம்புட்டும் என்னுதுதான்."

"எல்லாரும் கேட்டுக்கங்க," என்றாள் அவள். "நாளைக்கே சுமக்குறேன். அதுக்கு முந்தி, அந்த மண்ணோட உருண்டு வந்த வரப்புக்கல்லையும் தன்னுதுன்னு முதலாளி சொல்லட்டும். என் வீட்டுக்காரரைக் கொன்ன கல்லு அது. மழை கொன்னுருச்சுன்னுதான் இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டிருக்கோம்."

குருநாதன் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அந்த மண்ணை அப்புறம் யாரும் கேட்கவில்லை. அதில் விளைந்த கிழங்கை வெள்ளைத்தாயியும் தோண்டவில்லை.