பூநாரையின் கால் சிவந்தது எப்படி

காற்றும் பறவையும் மனிதரோடு பேசிப் பழகிய அந்தக் காலத்தில், கடலோரத்தில் ஓர் ஏரி இருந்தது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல்மேடு. அதில் ஒரு வாய் திறந்திருந்தது. அதன் வழியே கடல்நீர் வருடம் முழுவதும் உள்ளே வந்ததால் ஏரி வற்றியதே இல்லை. கரையில் வாழ்ந்த குடிகள் அந்தத் தண்ணீரை மொண்டுதான் மீனை வேகவைத்தார்கள். உப்பு என்று தனியாக ஒரு பொருள் உண்டென்பதே அவர்களுக்குத் தெரியாது. பூநாரைகளுக்கு அப்போது உடம்பும் வெள்ளை, காலும் வெள்ளை. ஏரி நடுவே சேற்றைக் குவித்துக் கூடு கட்டி, எங்கும் போகாமல் அங்கேயே இருந்தன.

ஒரு பங்குனியில் மேற்கு மலையிலிருந்து மருதி என்பவள் அந்த ஏரியைத் தேடி வந்தாள். அவளுடைய மலையில் தேன் இருந்தது, கிழங்கு இருந்தது. ஆனாலும் ஆடுகள் பாறையை நக்கிக்கொண்டே திரிந்தன. குழந்தைகள் நின்ற இடத்தில் தலைசுற்றி உட்கார்ந்தார்கள். மருதியின் மகளால் எழுந்திருக்கவே முடியவில்லை. "கிழக்கே ஒரு ஏரி இருக்கிறது. அதன் தண்ணீரில் உங்கள் உடம்புக்கு வேண்டியது இருக்கிறது" என்று வழிப்போக்கில் வந்த பறவை ஒன்று சொல்லிவிட்டுப் போனது. அதை நம்பித்தான் நடந்தே வந்திருந்தாள்.

கரைக்குடிகளுக்குத் தலைவி செஞ்சி. வந்தவளை உட்காரவைத்து மீன்குழம்பு ஊற்றினாள். முதல் வாயிலேயே மருதிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுதான் அக்கா. இதைத் தேடித்தான் வந்தேன்."

"அதுக்கென்ன, வேண்டிய மட்டும் மொண்டுகிட்டுப் போ."

"குடத்தைத் தூக்கிட்டு மலை ஏற முடியுமா? ஏறினாலும் ஒரு குடம் எத்தனை நாளைக்கு வரும்?"

அப்போது கரைப்பாறையில் அலை தெறித்துக் காய்ந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதை மருதி பார்த்தாள். சுரண்டி நாக்கில் வைத்தாள். ஏரி காய்ந்தால் இதை மூட்டை மூட்டையாகக் கட்டலாம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. காற்றிடம் சொன்னால் போதும், மணலைத் தள்ளி வாயை மூடிவிடும். அதைச் செஞ்சியிடம் சொன்னாள்.

செஞ்சி ஏரி நடுவே இருந்த கூடுகளைக் காட்டினாள்.

"மீன் கடலுக்குப் போயிடும். நண்டு சேத்துக்குள்ள பூந்துக்கும். நாங்களும் எப்படியாவது பொழைச்சுக்குவோம். ஆனா நாரைக் குஞ்சுங்க இப்பத்தான் முட்டையை விட்டு வந்திருக்கு. அதுங்க பறக்கட்டும். அப்புறம் நானே காத்துகிட்ட வந்து கேக்கறேன்."

மருதி தலையாட்டினாள். ஆனால் படுத்தால் மகளின் வெளுத்த உதடுதான் கண்ணில் நின்றது. குஞ்சுகள் பறக்கும்வரை அவள் உயிரோடு இருப்பாளா? மறுநாள் யாரிடமும் சொல்லாமல் மணல்மேட்டில் ஏறிக் காற்றைக் கூப்பிட்டாள்.

காற்று கேட்டது: "ஒரு வேலையை ஒரு தடவை செய்துவிட்டால் எனக்கு மறக்காது. வருஷா வருஷம் செய்வேன். பிறகு நீ வேண்டாமென்று அழுதாலும் கேட்கமாட்டேன். யோசித்துத்தான் சொல்கிறாயா?"

"செய்" என்றாள் மருதி.

காற்று மணலை வாரி வாயை அடைத்தது. வெயில் ஏரியைக் குடிக்கத் தொடங்கியது. சில நாளிலேயே தண்ணீர் முழங்காலுக்கு இறங்கி, கணுக்காலுக்கு இறங்கி, கடைசியில் ஏரி முழுக்க வெள்ளைவெளேரென்று பூத்துவிட்டது. மருதி உப்பை வாரிக் கட்டினாள். வழிக்கு வேண்டிய நல்ல தண்ணீரைக் கரையோர ஊற்றிலிருந்து சுரைக்குடுக்கையில் நிரப்பித் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

ஏரியைக் குறுக்கே கடக்கும்போது கீச்சென்று குரல்கள் கேட்டன. நாரைக் குஞ்சுகள்! நீரைத் தேடி நடந்த நடையில் அவற்றின் கால்களைச் சுற்றி உப்பு இறுகி, குண்டு குண்டாகக் காப்புப் போட்டதுபோல் பிடித்திருந்தது. ஒரு குஞ்சு அடி எடுத்து வைத்தது, விழுந்தது. பல குஞ்சுகள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. தாய்ப் பறவைகள் மேலே வட்டமிட்டுக் கதறின.

"எங்களால் உடைக்க முடியவில்லையே, எங்களுக்குக் கை இல்லையே!"

மருதி மலை இருந்த திசையைப் பார்த்தாள். பிறகு மூட்டையை இறக்கி வைத்தாள்.

விரலால் பெயர்த்தாள். உப்பு கண்ணாடிச் சில்லாக விரலைக் கிழித்தது. நல்ல தண்ணீர் பட்டால் கரையும் என்று தெரிந்ததும் குடுக்கையைச் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அந்தத் தண்ணீர் இல்லாமல் மலைக்குப் போகும் வழியிலுள்ள பாலைவெளியைத் தாண்ட முடியாது என்பது அவளுக்குத் தெரியும். குடுக்கை காலியான பிறகும் குஞ்சுகள் மிச்சமிருந்தன. வெறுங்கையால் உடைத்துக்கொண்டே இருந்தாள்.

நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். செஞ்சி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் கரைக்குடிகள் அனைவரும் ஊற்றுத் தண்ணீர்ப் பானைகளோடு நின்றார்கள்.

"அக்கா, நான்தான் காத்தைக் கூப்பிட்டேன்."

"தெரியும். குஞ்சோட காலைப் பிடி, நான் ஊத்தறேன்."

எல்லோருமாகச் சேர்ந்து உடைத்தார்கள், ஊற்றினார்கள். இறந்தவை இறந்தவைதான். பிழைத்தவற்றைக் கையில் ஏந்தி ஊற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். மருதியின் விரலிலிருந்து வழிந்த இரத்தம் குஞ்சுகளின் கால்களிலும், அவள் பிடித்திருந்த இறக்கையின் உட்பக்கத்திலும் ஊறி நின்றது. எத்தனை முறை கழுவியும் போகவில்லை.

செஞ்சி அவளுடைய குடுக்கையை நிரப்பிக் கொடுத்தாள். மூட்டையையும் தானே தூக்கித் தலையில் வைத்தாள். "பொண்ணுக்குக் கஞ்சியில கரைச்சுக் கொடு" என்றாள். மருதி போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு உயிர் இருந்தது. அந்தக் கஞ்சியைக் குடித்துப் பிழைத்தாள். மலையில் ஆடுகள் பாறையை நக்குவதை விட்டன.

மழை வந்து மணலை அறுத்தது. ஏரி நிறைந்தது. ஆனால் காற்று சொன்ன சொல்லை மறக்கவில்லை. அடுத்த கோடையிலும் வந்து வாயை அடைத்தது.

அன்று முதல்தான் அந்த ஏரி மழைக்கு நிறைந்து வெயிலுக்கு உப்பாகிறது. பூநாரைகள் தண்ணீரோடு வந்து தண்ணீரோடு போகின்றன, சிவந்த காலோடும் சிவந்த இறக்கையோடும். உப்பு எடுக்க வரும் மலைக்காரர்கள் இன்றைக்கும் ஏரிக்குள் கால் வைப்பதில்லை, கரையிலேயே நின்று, "குஞ்சு பறந்தாச்சா?" என்று குரல் கொடுத்துவிட்டு, கரைக்குடிகள் பதில் சொல்லும்வரை காத்திருக்கிறார்கள்.