'புரியலை சார்!' என்ற நாமக்கோழி

கோரையேரியில் கிளி வாத்தியார் இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பித்தார். ஒரு டியூஷன் சென்டரின் கூண்டில் ஆறு வருஷம் இருந்துவிட்டுத் தப்பி வந்தவர் அவர். கேட்கவேண்டுமா பெருமைக்கு!

காரணம் இல்லாமல் வகுப்பு நடக்கவில்லை. பனிமலைக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகள் வரப்போகின்றன. அவர்களுக்குத் தெரிந்தது இங்கிலீஷ் மட்டும்தான். விருந்தாளிகளோடு பேசி, அவர்களை ஏரியில் தங்கவைப்பவருக்கு நடுத்திட்டு சொந்தம் என்று ஏரிப் பஞ்சாயத்து அறிவித்துவிட்டது.

எத்தனை வெள்ளம் வந்தாலும் முழுகாத மேடு அது. கொக்குக்கு வெயில் காய இடம் வேண்டும். தவளைக்குப் பாட மேடை வேண்டும். நாமக்கோழிக்கோ முட்டையிட இடம் வேண்டும். நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுப்புக் கோழி அது. போன மழையில் அதன் ஏழு முட்டைகளும் அடித்துக்கொண்டு போய்விட்டன. பாவம், மூன்று நாள் இரை எடுக்கவில்லை.

"ஒரே மாதிரி ஒலிக்கும் வார்த்தைகள்!" என்று கிளி தொடங்கியது. "சன் என்றால் சூரியன். சன் என்றால் மகன். சூரியன் காலையில் தானாக வரும். மகன் பசித்தால்தான் வீட்டுக்கு வருவான்!"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

"வீக் என்றால் வாரம். வீக் என்றால் பலவீனம். ஒரு வீக் பட்டினி கிடந்தால் வீக்! மீட் என்றால் சந்திப்பது. மீட் என்றால் இறைச்சி. நரி முயலை மீட் செய்தால் முயல் மீட் ஆகிவிடும்! புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்!" என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். அதுதான் வகுப்பு வழக்கம்.

"எனக்குப் புரியலை சார்" என்றது நாமக்கோழி. "காதில் ரெண்டும் ஒண்ணாத்தானே விழுது! எதிரில் இருக்கிறவர் எதைச் சொல்றார்னு எப்படித் தெரியும்?"

கிளிக்கு முகம் சுருங்கியது. "எல்லாருக்கும் புரிஞ்சுது. உனக்கு மட்டும் என்னம்மா? வெளியே போய் நில்!"

நாமக்கோழி வெளியே நின்றது. மறுநாளும் அதையே கேட்டது, மறுநாளும் வெளியே நின்றது. "அக்கா, பேசாம புரிஞ்சுதுன்னு சொல்லிட்டு உள்ளே வாங்களேன்!" என்று தவளை கேலி செய்தது. நாமக்கோழி அசையவில்லை.

பத்தாம் நாள் கிளியே வெளியே வந்தது. "உனக்கு வெட்கமே கிடையாதா?"

"வெட்கப்பட்டா என் முட்டைக்கு யார் சார் மேடு கொடுப்பாங்க?"

கிளி ஒரு அடி கிட்டே வந்தது. பிறகு மெல்லச் சொன்னது: "முன்னாலும் பின்னாலும் என்ன வார்த்தை வருதுன்னு கேளு. தின்கிற பேச்சில் மீட் வந்தா இறைச்சி. வணக்கம் சொல்கிற இடத்தில் வந்தா சந்திப்பு."

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே சார்!"

"யாருமே கேட்கலையேம்மா!" என்றது கிளி.

மார்கழி பிறந்தது. வாத்துகள் கூட்டமாக ஏரியில் இறங்கின. தலைவர் வாத்து கழுத்தை நீட்டி, இங்கிலீஷில் கடகடவென்று எதையோ கேட்டது.

வகுப்பே வாய் திறந்தது. "யெஸ் சார்!"

அவ்வளவுதான்! வாத்துகள் பதறியடித்துக்கொண்டு மேலே கிளம்பின.

நடுத்திட்டும் போச்சு, முட்டையும் போச்சு! நாமக்கோழி தண்ணீர்மேல் தடதடவென்று ஓடி, இறகை அடித்துக்கொண்டு கத்தியது: "ஸாரி! புரியலை! ஸ்லோ, ப்ளீஸ்! ஒன்ஸ் மோர்!"

தலைவர் வாத்து ஒரு வட்டமடித்துத் திரும்பி வந்தது. இந்த முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னது: "வீ கேம் டு மீட் யூ. வீ ஈட் நோ மீட். எனி நெட் ஹியர்?"

நாமக்கோழி கண்ணை மூடி முன்னும் பின்னும் வந்த வார்த்தைகளை யோசித்துப் பார்த்தது. பிறகு திரும்பிச் சொன்னது: "நம்மைச் சந்திக்க வந்திருக்காங்க. இறைச்சி தின்ன மாட்டாங்க. இங்கே வலை விரிப்பாங்களான்னு கேட்கிறாங்க!"

"ஐயையோ! அதுக்கா யெஸ் சொன்னோம்?" என்று தவளை தலையில் அடித்துக்கொண்டது.

"நோ! நோ நெட்!" என்று நாமக்கோழி உரக்கச் சொன்னது. வாத்துகள் ஒவ்வொன்றாக மறுபடி இறங்கின.

அந்த வருஷம் மழை பேய்மாதிரி பெய்தது. பஞ்சாயத்து கொடுத்த நடுத்திட்டில் நாமக்கோழியின் புது முட்டைகள் ஏழும் நனையாமல் இருந்தன.

அடுத்த வகுப்பில் கிளி கேட்டது: "புரிஞ்சுதா?"

எல்லாரும் நாமக்கோழியைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு தவளை எழுந்தது. "புரியலை சார்!"

"அப்பாடா! வா, முன்னால் வந்து உட்கார்!" என்றது கிளி.

குழந்தைகளே, பெரியவர்களே, புரியாததைப் புரியவில்லை என்று துணிந்து சொல்பவருக்கே கடைசியில் எல்லாம் புரியும்.