செயலாளர் வீட்டுப் பேரன்

இரவு படிக்கட்டுக்கடியில் கிறீச் கிறீச்சென்று ஒரு சத்தம். கைக்குழந்தையோடு தனியாக இருந்த எனக்குக் கதவைத் திறக்கப் பயம். விடிந்து பார்த்தால், அங்கே நிறுத்தியிருந்த குழந்தையின் தள்ளுவண்டியைக் காணோம்.

குடியிருப்புச் செயலாளர் தணிகாசலத்தின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "ஏம்மா, பில் இருக்கா? பில் இல்லாம உன் வண்டின்னு எப்படிச் சொல்றே?" என்று என்மேலேயே பாய்ந்தார். அண்ணன் பரிசாகத் தந்த வண்டியின் பில்லுக்கு நான் எங்கே போவேன்?

மறுநாள் பழைய பொருள் விற்கும் ஆப்பில் அதே வண்டி. படத்தில் பின்னால் செயலாளர் வீட்டு மீன்தொட்டி! ஆப்பிலேயே வேறு பெயரில் செய்தி அனுப்பிக் கேட்டேன்: "பில் இருக்கா சார்?"

"பில் எதுக்கு? என் பேரனுக்கு வாங்கினது!"

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் படத்தைக் காட்டி, பதிலை உரக்க வாசித்தேன். "கல்யாணமே பண்ணிக்காத உங்களுக்குப் பேரன் எப்ப சார் பொறந்தான்? எங்களுக்கு ஒரு சாக்லேட்கூடத் தரலையே!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவரையே தள்ளிவரச் சொன்னேன். கிறீச் கிறீச்சென்று வாசல்வரை வந்த வண்டியை உள்ளே இழுத்துக்கொண்டு, அவர் முகத்தெதிரே கதவைத் தாழிட்டேன்.