தேக்கிலையும் நாரைகளின் முத்திரையும்

ஒரு காட்டில் ஒரு புள்ளிமான் இருந்தது, குழந்தைகளே. எதையும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் அதற்கு எப்போதும் உண்டு. அன்று புகார் சொல்லப் போகும் வழிநெடுக அது தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிற்று. எதை முதலில் சொல்வது? குட்டி அலறியதையா, சேற்றில் கண்ட தடத்தையா?

மானுக்கு இரண்டு குட்டிகள். தண்ணீர் குடிக்க ஆற்றுத் துறைக்கு முந்தி ஓடிய ஒன்றைச் செந்நாய் இழுத்துப் போய்விட்டது. அந்தச் செந்நாய் வேறு யாருமில்லை. துறைக்குச் சிங்கராஜா வைத்த காவலாளியேதான்.

காவலாளிகள் தப்பு செய்தால் விசாரிப்பதற்கென்றே அந்தக் காட்டில் ஒரு மன்றம் இருந்தது. துறையை ஒட்டிய நாவல் மரத்தடியில் அது கூடும். அதன் தலைவர் முள்ளம்பன்றி. நல்ல பெயர் வாங்குவதில் அதற்கு அலாதி ஆசை.

மான் தயங்கித் தயங்கிச் சொன்னதை முள்ளம்பன்றி கேட்டது. கூடவே வந்து தடத்தையும் பார்த்தது. செந்நாயின் பாதம் சேற்றில் ஆழமாகப் பதிந்திருந்தது. பக்கத்திலேயே சின்னக் குளம்புகள் இழுபட்ட கோடு. மன்றத்தின் வழக்கப்படி முள்ளம்பன்றி அதன்மேல் ஒரு தேக்கிலையைக் கவிழ்த்து வைத்தது. ராஜா வந்து தீர்ப்பு சொல்லும்வரை அந்த இலையை யாரும் தொடக் கூடாது.

“ராஜா வந்து இதைப் பார்த்தால் போதும் அம்மா, செந்நாய் இந்தக் காட்டிலேயே இருக்காது” என்றது.

அந்தச் சமயம் பார்த்து நாரைகள் வருவதாகச் சேதி வந்தது. காடு காடாகப் போய் விசாரணை மன்றங்களைச் சோதித்து, ஒழுங்காக நடப்பவற்றுக்குத் தகுதி முத்திரை கொடுப்பது அவற்றின் வேலை. முத்திரை பெற்ற மன்றத்துக்கு எல்லாக் காடுகளிலும் மதிப்பு. முள்ளம்பன்றிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

துறையில் தேக்கிலை கிடந்தால், முடியாத வழக்கு ஒன்று இருக்கிறது என்று நாரைகளுக்குத் தெரிந்துவிடும். முள்ளம்பன்றி மெல்ல அதை எடுத்துப் புதருக்குள் தள்ளியது.

மான் பார்த்துவிட்டது. “ஐயா, அந்த இலை...”

“அவர்கள் போனதும் திரும்ப வைத்துவிடுகிறேன். தடம் என்ன எழுந்து நடந்தா போய்விடும்?”

பெரியவர்கள் காரியத்தில் ஏதாவது உளறிவிடுவோமோ என்று மான் வாயை மூடிக்கொண்டது.

நாரைகள் வந்தன. யாருக்கும் பயப்படாமல் விசாரிப்பீர்களா, சட்டமெல்லாம் மனப்பாடமா என்று கேட்டன. முள்ளம்பன்றி ஒன்றுவிடாமல் பதில் சொன்னது. பிறகு துறையையும் பார்த்துவிடலாம் என்று வரிசையாக இறங்கி, சேற்றை மிதித்து மிதித்து நடந்தன.

“ஒரு தேக்கிலைகூட இல்லை. வழக்கே தேங்காத மன்றம்” என்று மெச்சியது மூத்த நாரை. நாவல் மரத்தில் களிமண்ணை அப்பி, தன் காலை அதில் அழுத்திப் பதித்தது. அதுதான் முத்திரை.

புதர் மறைவில் நின்ற மான் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. பிறகு அது நினைத்து நினைத்து வருந்தியது அந்த ஒரு நேரத்தைத்தான்.

சிங்கராஜா வந்தபோது சேற்றில் நாரைகளின் கால்தடம்தான் இருந்தது. மானுக்கு வார்த்தைகள் முன்பின்னாக வந்தன. செந்நாய் பணிவாக நின்றது.

“தலைவரே, இங்கே செந்நாயின் தடம் இருந்ததா?” என்று ராஜா கேட்டது.

இருந்தது என்று சொன்னால் இலையை எடுத்த விஷயமும் வெளியே வரும். முத்திரை போய்விடும். முள்ளம்பன்றி மரத்தை ஒருமுறை பார்த்தது. “நினைவில்லை, ராஜா.”

சிங்கராஜா திரும்பிப் போயிற்று. செந்நாய் பழையபடி துறையில் வந்து உட்கார்ந்தது. “என்ன அக்கா, தண்ணீர் குடிக்கவில்லையா? மற்ற குட்டியையும் கூட்டிக்கொண்டு வா.”

சற்றுப் பொறுத்து முள்ளம்பன்றி மானிடம் வந்தது. முள்ளெல்லாம் படிந்து கிடந்தன. தப்புதான் என்று முனகிவிட்டு, “இன்னொரு முறை இப்படி நடந்தால் விடவே மாட்டேன்” என்றது.

“இன்னொரு முறைக்கு என்னிடம் இருப்பது ஒரே குட்டிதான், ஐயா” என்றது மான்.

பொழுது சாய்வதற்குள் மான் அந்தக் குட்டியை முன்னால் விட்டு மலையைத் தாண்டியது. அங்கே காய்ந்த ஓடையின் மணலில் யானைகள் தோண்டிய ஊற்று ஒன்று உண்டு. தண்ணீர் கலங்கல்தான். யானைகளின் காலடியில் நின்று இரண்டும் அதைக் குடித்தன. மான் பிறகு அந்தத் துறைப் பக்கம் திரும்பவே இல்லை.

நீதி: பிறர் மெச்ச வேண்டும் என்று காவல் காப்பவரிடம், காக்க வேண்டிய உயிர் தங்காது.