இருளாயி நட்ட சுங்கக் கல்

கொன்றையூரும் பாலக்குறிச்சியும் வெகுகாலம் ஒரே சுங்கத்தின் கீழ், தங்களுக்குள் வரி இல்லாமல் இருந்த சீமைகள். கொன்றையூர் ராஜா ஒருநாள் அந்த உடன்பாட்டை முறித்துக்கொண்டார். எல்லையின் இருபுறமும் சம்பந்தி வீடுகள். வேலி போட்டால் வெட்டுக்குத்துதான். ராஜாவின் மந்திரியான பிரதானி வெங்கடாத்திரி எல்லையோரக் கொன்றையூர்ச் சாவடிக்கு வந்து முழங்கினார்: "வேலி கூடாது, காவல் கூடாது, யாரையும் நிறுத்தக் கூடாது. ஆனால் சுங்கம் கட்டாமல் ஒரு மூட்டைகூட உள்ளே வரக்கூடாது!"

அந்தச் சாவடியைப் பெருக்கும் இருளாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்கிறாயா? பத்து நாளில் நீயே செய்து காட்டு. இல்லையென்றால் ஊரைவிட்டு ஓடு!"

"ஆகட்டும் சாமி. கல்லு நட நாலு ஆள் குடுங்க."

மேட்டுப் பாதை ஏறி முடியும் எல்லையில் கழுத்துயரத்துக்கு ஒரு சுமைதாங்கிக் கல் எழுந்தது. பக்கத்தில் ஒரு பானை நீர்மோர், ஓலையோடு ஊர்க் கணக்குப்பிள்ளை. மூச்சு வாங்க வந்தவர்கள் தாமாகவே தலைச்சுமையைக் கல்மேல் இறக்கினார்கள். மோர் குடித்து முடிப்பதற்குள் கணக்குப்பிள்ளை சுங்கம் வாங்கிவிட்டார்.

பத்தாம் நாள் பிரதானி பார்வையிட வந்தார். அப்போது இரண்டு கூலியாட்கள் மூட்டைகளை இறக்கினார்கள்.

"யாருடைய சரக்கு?"

"பிரதானி ஐயா வீட்டுக் கல்யாணப் பட்டுங்க."

"மடையர்களா! உங்களை இங்கே நிறுத்தியது யார்?" என்று கத்தினார் பிரதானி.

"யாரும் நிறுத்தலை சாமி," என்றாள் இருளாயி. "கழுத்து வலிச்சிருக்கும்."

பட்டுக்குச் சுங்கம் கட்டிவிட்டுப் போனவர், அவளை ஊரைவிட்டுத் துரத்த மறந்தே போனார்.