நன்மாறவேள் கோர்க்கப் போன மாலை

இன்றைக்கு வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காத முள்ளிக்கரை என்ற சிறிய நாட்டை, முன்பொரு காலத்தில் நன்மாறவேள் என்ற அரசன் ஆண்டுவந்தான். கடலோர நாடு. அரசன் நல்லவன்தான். யாரையும் அடித்ததில்லை, யார் நிலத்தையும் பிடுங்கியதில்லை. அவனுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு மணிமாலை கோர்ப்பது.

கோர்ப்பது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். கோர்க்கப் போவது என்று சொல்ல வேண்டும்.

அரண்மனையின் கிழக்கு மூலையில் அவனுக்கென்று ஒரு கூடம் இருந்தது. சுவர் முழுக்கச் சிமிழ்கள். பவளம் ஒரு பக்கம், பளிங்கு ஒரு பக்கம், சங்கை அறுத்துச் செய்த மணிகள் ஒரு பக்கம். காலையில் எழுந்ததும் அரசன் அங்கே போய்விடுவான். ஒரு நாள் மணிகளை நிறம் பார்த்துப் பிரிப்பான். மறுநாள் அது பிடிக்காமல் அளவு பார்த்துப் பிரிப்பான். அதற்கும் மறுநாள் எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது என்று பார்த்துப் பிரிப்பான். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு, "இன்றைக்கு நல்ல வேலை நடந்தது" என்று சொல்லி, கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போவான்.

சாப்பிட்டு வந்தால் படம் வரைவது. பலகையில் வெண்மணலைப் பரப்பி, விரலால் மாலையின் உருவத்தை எழுதுவான். இங்கே பவளம், அங்கே பளிங்கு, நடுவில் ஒரு பதக்கம். தள்ளி நின்று பார்ப்பான். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பான். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பான். அப்புறம் உள்ளங்கையால் மணலை அழித்துவிட்டு, "நாளைக்கு இதைவிட நல்லதாக ஒன்று வரும்" என்பான்.

அரசனுக்கு ஒரு பைத்தியம் இருந்தால் அவைக்கு இல்லாமல் போகுமா? அமைச்சர் வெண்ணாகர் ஒரு சிமிழ் வாங்கினார். அதைப் பார்த்துப் படைத்தலைவர் இரண்டு வாங்கினார். அவைப் புலவருக்கு வாங்க வசதியில்லை. பக்கத்து வீட்டில் இரவல் பெற்றார். சபை கூடினால் ஏரி உடைந்த கதையை யாரும் பேசுவதில்லை. நெல் ஏற்றி வரப் போன கப்பல் பச்சைக்கல் மணி ஏற்றி வந்தது ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

"மாலையின் அழகு மணியில் இல்லை" என்பான் அரசன். "மணிக்கும் மணிக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் இருக்கிறது."

"ஆகா!" என்பார் அமைச்சர்.

"ஆகாகா!" என்பார் படைத்தலைவர்.

புலவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இன்னும் கோர்க்காத ஒரு மாலையைப் பற்றி அவர் ஒரு முழு நூலே பாடியிருந்தார். அதற்காகப் பட்டாடையும் பரிசாகப் பெற்றிருந்தார்.

அரசனுக்கு உள்ளூர ஒரு பயம் உண்டு. அது அவனுக்கு மட்டும் தெரியும். இளவயதில் ஒரே ஒரு தடவை ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தான். நூல் ஏறவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தான், யாரும் கவனிக்கவில்லை. ஊசியை மெத்தைக்கு அடியில் தள்ளிவிட்டு வந்துவிட்டான். மனத்தில் இருக்கிற மாலையில் முடிச்சு தெரியாது, கோணல் இருக்காது, யாரும் சிரிக்க மாட்டார்கள். அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

இப்படி இருக்கையில் அவன் மகள் தேமொழிக்கு வரன் வந்தது.

மாப்பிள்ளை மலைநாட்டு இளவரசன். நல்ல குடும்பம், நல்ல பையன், தேமொழிக்கும் பிடித்துப்போயிற்று. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய் மலையநாச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சம்பந்தி, எங்கள் மலையில் பொன்னும் வேண்டாம், யானையும் வேண்டாம். ஒரு வழக்கம் மட்டும் உண்டு. பெண்ணைப் பெற்ற தகப்பன் தன் கையாலேயே ஒரு மணிமாலை கோர்த்துப் பெண்ணின் கழுத்தில் கட்டி அனுப்ப வேண்டும். தகப்பன் கை படாத கழுத்தோடு வருகிற பெண்ணை எங்கள் குலதெய்வத்தின் முன் நிறுத்துவதில்லை."

அவை முழுக்கக் கைதட்டியது. வேறு எந்த அரசனைக் கேட்டிருந்தாலும் திருதிருவென்று விழித்திருப்பான். நம் அரசனுக்கு நெஞ்சு பூரித்தது.

"மாலையா? அதற்கென்ன! நீங்கள் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்" என்றான்.

அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள்.

நாற்று நட்ட சமயம் தேமொழி கூடத்துக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, மாலை கோர்த்தாயிற்றா?"

"அவசரப்படாதே அம்மா. பவளத்தின் சிவப்பு சரியில்லை. வைகறைச் சிவப்பு வேண்டும். இது அந்திச் சிவப்பு. கப்பல் அனுப்பியிருக்கிறேன்."

கதிர் பால் பிடித்த சமயம் மறுபடி வந்தாள். "அப்பா, மாலை கோர்த்தாயிற்றா?"

"மணி எல்லாம் தயார். நூல்தான் யோசனையாக இருக்கிறது. பட்டா, பருத்தியா? பட்டு வழுக்கும், பருத்தி நைந்துபோகும். அறிஞர்களைக் கூட்டியிருக்கிறேன்."

அறுவடை ஆரம்பித்த சமயம் மூன்றாம் தடவை வந்தாள். "அப்பா, மாலை கோர்த்தாயிற்றா?"

"மணியும் தயார், நூலும் தயார். இப்போதுதான் எனக்குப் பதக்கத்தைப் பற்றி ஒரு புது எண்ணம் வந்திருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து..."

தேமொழி மணல் பலகையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"பேசாமல் எனக்கு மணலிலேயே ஒரு கழுத்தை வரைந்து, அதற்கு மாலை போட்டு அனுப்பிவிடுங்கள் அப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அரசனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் வரைந்து காட்டச் சொன்ன கழுத்தின் அளவு என்னவாக இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்து, அதில் சாயங்காலம் ஆகிவிட்டது.

கல்யாணத்துக்கு முதல் நாள்தான் அரசனுக்கு வியர்த்தது. அமைச்சரைத் தனியே கூப்பிட்டான்.

"வெண்ணாகரே, மாலை..."

"கவலையே வேண்டாம் அரசே. நம்முடைய மணிகாரத் தெருவில் கொடுத்து ஒரு மாலை செய்து வைத்திருக்கிறேன். கோர்த்தது யார் கை என்று மாலையில் எழுதியா இருக்கிறது? திட்டம் தங்களுடையது. அப்படியென்றால் மாலையும் தங்களுடையதுதானே?"

இந்தப் பேச்சில் ஏதோ ஓட்டை இருப்பதாக அரசனுக்குத் தோன்றியது. ஆனால் மாலை அழகாக இருந்தது. வாங்கி வைத்துக்கொண்டான்.

விடிந்தது. மண்டபம் நிறைந்தது. மலைநாட்டுச் சனம் ஒரு பக்கம், கடலோரச் சனம் ஒரு பக்கம், மத்தியில் மணப்பெண்ணும் மாப்பிள்ளையும். அரசன் தட்டில் மாலையை ஏந்தி வந்தான். மண்டபமே எட்டி எட்டிப் பார்த்தது.

"நீங்களே கோர்த்ததா சம்பந்தி?" என்று கேட்டாள் மலையநாச்சி.

"நானே" என்றான் அரசன். தேமொழி தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது" என்றாள் மலையநாச்சி மனதார. மடியிலிருந்து துளையிட்ட ஒரு குன்றிமணியை எடுத்தாள். "இது எங்கள் வீட்டு மணி. மாலை முடிச்சை அவிழ்த்து, இதையும் சேர்த்துக் கோர்த்து, மறுபடி முடிச்சுப் போட்டுப் பெண் கழுத்தில் கட்டுங்கள். இரண்டு வீடும் ஒன்றாகிவிடும்."

அவள் சூழ்ச்சியாகக் கேட்கவில்லை. அவர்கள் ஊரில் எந்தத் தகப்பனும் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுகிற காரியம் அது.

அரசன் முடிச்சைத் தொட்டான். இப்படி இழுத்தான், அப்படி இழுத்தான், நகத்தால் சுரண்டினான். முடிச்சு சட்டென்று அவிழ்ந்தது. நூலின் இரண்டு முனையில் எதைப் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டையும் விட்டுவிட்டான்.

மாலை முழுக்கச் சரசரவென்று தரையில் கொட்டியது. பவளம் ஒரு பக்கம், பளிங்கு ஒரு பக்கம், சங்குமணி ஒரு பக்கம். சில மணிகள் ஓமகுண்டம் வரைக்கும் ஓடின. ஒரு மணி புரோகிதரின் பஞ்சபாத்திரத்துக்குள் டணார் என்று விழுந்தது.

"நூல் விற்றவன் ஏமாற்றிவிட்டான்!" என்று கத்தினார் அமைச்சர்.

"யாரோ கண் வைத்துவிட்டார்கள்!" என்றார் படைத்தலைவர்.

"மணிகளே மணமகளின் பாதத்தில் விழுந்து வணங்கின!" என்றார் புலவர்.

மூன்று சாக்கு. மூன்றில் எதை எடுத்துக்கொண்டாலும் தப்பித்துவிடலாம். அரசன் அமைச்சர் சொன்னதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அப்போது தேமொழி, கூறைப்புடவை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல், மண்டியிட்டு மணி பொறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தான். அழுதுகொண்டே பொறுக்கினாள். அவளுடைய வெறும் கழுத்து குனிந்திருந்தது.

நூல் விற்றவனைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டான்.

"நான் கோர்க்கவில்லை" என்றான் அரசன். குரல் அவனுக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னான். "இந்த மாலையை நான் கோர்க்கவில்லை. எந்த மாலையையும் நான் கோர்த்ததில்லை. எனக்குக் கோர்க்கவே தெரியாது."

புலவர், "என்ன அடக்கம்!" என்று முணுமுணுத்தார். படைத்தலைவர் அவர் காலை மிதித்தார்.

மலையநாச்சியின் முகம் மாறிவிட்டது. "தெரியாது என்பதில் தப்பில்லை சம்பந்தி. கோர்த்தேன் என்றீர்களே, அதுதான் தப்பு" என்றாள். பிறகு புரோகிதரைப் பார்த்தாள். "முகூர்த்தம் முடிய நேரம் இருக்கிறதா?"

"கொஞ்சம் இருக்கிறது தாயே."

"அப்படியானால் ஊசி கொண்டுவரச் சொல்லுங்கள். தகப்பன் உட்காரட்டும்."

முள்ளிக்கரை அரசன் தன் மகளின் கல்யாண மேடையில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நூலின் நுனியை எச்சில் தொட்டு முறுக்கினான். ஊசிக் காதுக்கு இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று. ஒரு வழியாக நுழைந்தது. முதல் மணியை ஏற்றினான். அது மறுமுனை வழியாகப் போய்விட்டது. யாரோ சிரித்தார்கள். எந்தச் சிரிப்புக்குப் பயந்து இத்தனை காலம் ஒளிந்தானோ, அந்தச் சிரிப்பு வந்து, காதைத் தொட்டு, போய்விட்டது. அவ்வளவுதான். உயிர் போகவில்லை.

"அடியில் முதலில் ஒரு முடிச்சுப் போடுங்கள் அப்பா" என்றாள் தேமொழி. பொறுக்கிய மணிகளை அவன் பக்கம் தள்ளினாள்.

முடிச்சுப் போட்டான். ஊசி குத்தி விரலில் ரத்தம் வந்தது. வைகறைச் சிவப்பும் அந்திச் சிவப்பும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கைக்கு வந்ததை ஏற்றினான். பவளத்துக்குப் பக்கத்தில் பவளமே மூன்று வந்தது. பளிங்கு ஒரே இடத்தில் கும்பலாகக் கூடிக்கொண்டது. இடைவெளியைப் பற்றிச் சொல்ல வேண்டாம், விரலே நுழையும். கடைசியில் குன்றிமணியை ஏற்றி, மகளின் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டான். பெரிய, முரட்டு முடிச்சு.

அதைவிட அசிங்கமான மாலையை அந்த நாட்டில் யாரும் பார்த்ததில்லை. தேமொழி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அழுகையும் சிரிப்புமாக நிமிர்ந்தாள். மலையநாச்சி எழுந்து வந்து மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கெட்டிமேளம் முழங்கியது.

கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த அவையைப் பற்றி நமக்குத் தெரியாதா?

மூன்றாம் நாள் மறுவிருந்துக்கு அரசன் பந்திக்கு வந்தான். வரிசையாக உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் எல்லோர் கழுத்திலும் மணிமாலை! எல்லாம் கோணல் மாலை. பளிங்கு கும்பலாக, பவளம் மூன்று மூன்றாக, விரல் நுழையும் இடைவெளியோடு.

"இது அரசரின் புது மரபு! ஒழுங்கை உடைத்த ஒழுங்கு!" என்றார் புலவர்.

"யார் கோர்த்தது?" என்று கேட்டான் அரசன்.

"நாங்களேதான் அரசே" என்றார் அமைச்சர். அவர் விரல்கள் வெண்ணெய் போல் வழவழவென்று இருந்தன. மணிகாரத் தெருவில் இரண்டு நாளாக இரவும் பகலும் வேலை நடந்திருந்தது. கோணலாகக் கோர்க்கச் சொன்னதால் கூலி அதிகம் கேட்டிருந்தார்கள்.

அரசன் சிரித்தான். "சமையற்காரரே, இவர்களுக்கு இலை போடாதீர்கள். ஆளுக்கு ஓர் ஊசியும் நூலும் போடுங்கள். மாலையை அவிழ்த்து, என் கண் முன்னால் மறுபடி கோர்ப்பவருக்குச் சோறு."

பாயசத்தின் வாசனை வந்தது. அமைச்சர் ஊசியைத் தலைகீழாகப் பிடித்தார். படைத்தலைவர் மீசையைக் கோர்த்துக்கொண்டார். புலவர் ஊசியைப் பற்றி ஒரு வெண்பா சொல்ல ஆரம்பித்தார், யாரும் கேட்கவில்லை. பாயசம் ஆறி ஆடை கட்டியது. அப்பளம் நமுத்துப்போனது. பெரிய மனிதர்கள் பசியோடு நூல் நுனியை நக்கிக்கொண்டிருந்தார்கள்.

அரசன் தன் இலை முன் உட்கார்ந்து, குத்திய விரலில் ரசம் படாமல் பார்த்துக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் உடைந்து கிடந்த ஏரிக் கரையைப் பார்க்கப் போனான். மண்வெட்டிக்காரர்களையும் கூடவே கூட்டிக்கொண்டு.

ஆகவே கேட்டுக்கொண்டிருக்கிற பெரியவர்களே, சிறியவர்களே: மனத்தில் ஆயிரம் மாலை கோர்த்து மெச்சிக்கொள்பவனைவிட, நாலு பேர் சிரித்தாலும் கையால் ஒரு கோணல் மாலையைக் கோர்த்து முடிப்பவனே மேலானவன்.